அலையும் அஞ்சலும்

செங்கற்பட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விடுமுறைப் பொருள். எங்களுக்கு வாய்த்த நீர்நிலை கொளவாய் ஏரிதான். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தேறி மாமல்லபுரம் செல்வோம், கற்கோயிலைப் பார்ப்போம், கணுக்கால் நனைய நிற்போம், சுண்டல் தின்று, கிளிஞ்சல் மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் வீடு திரும்புவோம். "முழங்காலுக்கு மேல் நனைந்தால் வீட்டுப் படி ஏறாதே" என்பது அந்நாளில் தாய்மார் பலரும் இட்ட கட்டளை.

எங்கள் வீட்டில் அக்கட்டளைக்கு ஒரு காரணமும் பின்னர் வந்து சேர்ந்தது. 1973-ஆம் ஆண்டு, கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த என் தம்பி, தோழர் நால்வருடன் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கரையில் குளிக்க இறங்கினான். நீச்சல் நன்கு அறிந்தவன்; ஏரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் அனைவரையும் முந்தியவன். மறுநாள் மாலை மீனவர்கள் அவனைக் கரை சேர்த்தார்கள். அன்றுமுதல் எங்கள் குடும்பத்தார் கடற்கரைக்குச் சென்றாலும் கடலுக்கு முதுகைக் காட்டியே அமர்ந்தோம் என்றால் அது மிகையன்று.

இத்தகைய வீட்டில், 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதின்மூன்று வயது நிரம்பிய என் பெயர்த்தி ஒரே நாளில் இரண்டு விண்ணப்பங்களை வைத்தாள். கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அஞ்சல்துறை நடத்தும் கடிதப் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. அவள் அன்னை, அதாவது என் மகள், முன்னதற்கு "கூடாது" என்றாள். பின்னதற்கு "தாத்தாவைக் கேள்" என்றாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாய் இருந்தவனுக்கு ஓய்வுக்காலத்தில் கிடைத்த வேலை அது.

கடலாக எழுதுவது எப்படி?

அப்போட்டியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1874-இல் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியம், 1971 முதல் ஆண்டுதோறும் இளையோருக்கான பன்னாட்டுக் கடிதப் போட்டியை நடத்திவருகிறது. ஒன்பது முதல் பதினைந்து வயதுவரை உள்ளவர்கள் எழுதலாம். ஒவ்வொரு நாட்டின் அஞ்சல்துறையும் தன் நாட்டில் போட்டி வைத்துச் சிறந்த ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒன்றியத்துக்கு அனுப்பும். நம் நாட்டில் ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ எழுதலாம். ஆகவே தமிழில் எழுதத் தடையில்லை. எண்ணூறு சொற்களுக்கு மேற்படக் கூடாது. 2025-க்கு அவர்கள் கொடுத்த பொருள் இது: நீயே பெருங்கடல் என்று எண்ணிக்கொள், உன்னை ஏன், எவ்வாறு பேணிக் காக்க வேண்டும் என்று யாரேனும் ஒருவருக்குக் கடிதம் எழுது.

பெயர்த்தி இரண்டு நாளில் எழுதி முடித்தாள். "மானிடரே! நான்தான் கடல் பேசுகிறேன்" என்று தொடங்கியது. நெகிழிப் பைகளைக் கொட்டாதீர், எண்ணெயைக் கலக்காதீர், ஆமைகள் அழிகின்றன என்று வரிசையாகச் சென்றது. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை ஒன்றுதான். நானே அகமகிழ்ந்து, "நன்று" என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். பழக்கம் விடுமா?

இரவில் அதை மறுபடி படித்தபோது மனம் ஒப்பவில்லை. கடலைக் கண்ணாலும் காணாத ஒரு பிள்ளை, ஏதோ ஒரு மலையூரில் அமர்ந்து, பாடநூலைப் புரட்டி இதே கடிதத்தை எழுதியிருக்கலாம். அதில் உப்பு இல்லை. மறுநாள் காலையில் அவளிடம் கூறினேன். அவள் சற்றும் தயங்காமல், "கடலுக்குள்ள இறங்கவே விடமாட்டேங்கறீங்க. அப்புறம் கடல் மாதிரி எழுதுன்னா எப்படி தாத்தா?" என்று கேட்டாள்.

விடை கூற இயலவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்தபின், மகளிடம் முழுவதும் சொல்லாமலே, அவளை அழைத்துக்கொண்டு கோவளம் சென்றேன். பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் சென்றேன்.

கோவளம் கண்ட மாற்றம்

கோவளம் என்றதும் பலர் கேரளத்துக் கோவளத்தையே நினைக்கின்றனர். நான் கூறுவது சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைக் கடந்ததும் வரும் நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளம். பழைய ஆங்கில ஏடுகள் 'கவ்லாங்' என்று குறித்த ஊர். கார்மேல் அன்னையின் ஆலயத்தை உடைய ஊர். வேடிக்கை என்னவெனில், இந்திய அலைச்சறுக்கின் கதையில் இரு கோவளங்களுக்குமே இடம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பதே பெரும்பாடு.

பலகைமேல் நின்று அலையில் சறுக்குவது ஹவாய்த் தீவுகளில் பன்னெடுங்காலமாக இருந்துவரும் கலை. ஆனால் நம் கரைக்கு அது முற்றிலும் புதிது என்று கூறிவிட முடியாது. கட்டுமரம் ஓட்டும் நம் மீனவர், கரை திரும்பும்போது பின்னால் எழும் அலையைக் கணித்து, அதன் முதுகிலேறி, மணலில் வந்து சேர்வதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! உலகோர் பலர் இன்று வழங்கும் 'கட்டமரான்' என்னும் சொல்லே நம்முடையதன்றோ? மீனவச் சிறுவர்கள் உடைந்த பலகைத் துண்டுகளை மார்பின்கீழ் வைத்துக்கொண்டு அலையில் சறுக்கி விளையாடுவதும் பழைய வழக்கம். அதற்குப் பெயர்தான் இல்லை, பரிசும் இல்லை.

அவ்வாறு விளையாடி வளர்ந்தவர்களுள் ஒருவர் மூர்த்தி மேகவன். கோவளத்து மீனவக் குடும்பத்தவர். 2001-ஆம் ஆண்டளவில் அக்கரைக்கு வந்த ஜாக் ஹெப்னர் என்னும் அமெரிக்கர் தம் அலைப்பலகையைச் சிறிது நேரம் அவருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம். கர்நாடகத்து முல்கியில் நம் நாட்டின் முதல் அலைச்சறுக்குக் கழகத்தை நிறுவியவர் இந்த ஹெப்னர்தான். கைக்கு வந்த பலகை சில நிமிடங்களில் திரும்பிப் போய்விட்டது, ஆசை போகவில்லை. பின்னர் மூர்த்தி தமக்கென ஒரு பலகையை வாங்கினார், தாமே பழகினார், ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கினார். 2012-இல் சென்னைத் தொழிலதிபர் அருண் வாசு முதலியோர் துணையுடன் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி அமைந்தது. 2013 முதல் அங்கு அலைச்சறுக்கு விழாவும் நடைபெறலாயிற்று. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் அதில் வந்து கலந்துகொண்டு விளம்பரம் தேடித் தந்தார்.

குடும்பத்தாராகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. கரையோர ஊர்களில் குடியால் சிதைந்த வீடுகள் எத்தனை என்பதை நான் எடுத்துக் கூறத் தேவையில்லை. மூர்த்தி தம்மிடம் பழக வரும் இளைஞருக்கு வைத்த முதல் விதி, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது. கேரளத்துக் கோவளத்திலோ 2005-இல் தோன்றிய அலைச்சறுக்குக் கழகம் வேறொரு விதி வைத்தது: பள்ளிக்கு வராதவனுக்குப் பலகை இல்லை. இரு விதிகளும் மேடையில் நின்று ஆயிரம் முறை கூறினாலும் இளைஞர் காதில் ஏறாதவை. அலையேறும் ஆசைக்கு விலையாக வைத்தபோது ஏறின. நம் பங்குகளில் இளைஞர் மன்றம் நடத்துவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். நாம் பெரும்பாலும் விதியை முதலில் வைத்துவிட்டு, ஆசையை வைக்க மறந்துவிடுகிறோம்.

அமைதியான இடம்

நாங்கள் சென்ற பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மீனவ இளைஞர். முதற்கேள்வியே, "பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமா ஐயா?" என்பது. தெரியும் என்றேன், பள்ளிக் குளத்தில் கற்றிருந்தாள். "குளத்து நீச்சல் வேற, கடல் வேற" என்று கூறி, எங்கள் இருவரையும் நீர் ஓரமாக நடத்திச் சென்றார். உடனே பலகையைக் கையில் கொடுப்பார் என்று எதிர்பார்த்த பெயர்த்திக்கு ஏமாற்றம்.

ஓரிடத்தில் நின்று, "இங்க எந்த இடத்துல இறங்கிக் குளிப்பீங்க?" என்று அவளைக் கேட்டார். அவள் பார்த்தாள். இடப்புறமும் வலப்புறமும் அலைகள் வெண்ணுரையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஏறத்தாழ இருபது அடி அகலத்துக்கு அலையே உடையவில்லை. நீர் சற்றுக் கருமையாய், வழவழப்பாய்க் கிடந்தது. அவள் அதைத்தான் காட்டினாள். நானும் அதைத்தான் காட்டியிருப்பேன்.

"அதுதான் இழுப்பு. வெளியூர்க்காரங்க எல்லாரும் அமைதியா இருக்குன்னு அங்கதான் ஐயா இறங்குவாங்க."

அதன் இயல்பை அவர் விளக்கினார். பின்னர் நூல்களிலும் படித்துத் தெளிந்தேன். அலைகள் இடைவிடாது நீரைக் கரைநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தள்ளிய நீர் திரும்பிப் போயாக வேண்டும். கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல்திட்டு இருக்கும். அத்திட்டில் எங்கேனும் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், தேங்கிய நீரெல்லாம் அவ்வழியே குறுகிய ஆறு போலக் கடலுக்குள் பாயும். பள்ளம் ஆழமாதலால் அங்கே அலை உடைவதில்லை. ஆகவே பார்வைக்கு அமைதி. அதன் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். எத்துணை வலிய நீச்சல்காரனும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த இயலாது. ஆனால் அது ஆளை ஆழத்துக்கு இழுப்பதில்லை. வெளியே கொண்டுபோய் விட்டுவிடும், அவ்வளவே. எதிர்த்து நீந்திக் களைத்துப்போகிறவர்களே மூழ்குகின்றனர். சிக்கியவன் செய்ய வேண்டுவது, பதறாமல் மிதப்பது; கையை உயர்த்தி உதவி கேட்பது; வலுவிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பின் அகலத்தைக் கடந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை சேர்வது. காப்பாற்ற எண்ணி வெறுங்கையுடன் பின்னால் பாய்கிறவரும் பல நேரங்களில் உயிரிழக்கின்றனர். மிதக்கும் பொருள் ஏதேனும் ஒன்றை எறிவதே முதற்கடமை.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் தம்பியுடன் இறங்கிய தோழர் ஒருவர், துக்கத்துக்கு வந்தபோது கூறிய சொல் நினைவுக்கு வந்தது: "அலை இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இறங்கினோம்." அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. ஏரியில் நீந்திப் பழகியவன் ஏரியைப் போன்ற இடத்தைத் தேடியிருக்கிறான். நீச்சல் தெரிந்திருந்தும் எப்படிப் போனான் என்று என் தாய் இறக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அக்கேள்விக்கு இந்த விடையை அவருக்குச் சொல்ல எவரும் இல்லாமற் போயினர்.

இளைஞரிடம் இதைக் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் பக்கத்தில் அமர்ந்திருந்துவிட்டு, "பாப்பாவ இன்னிக்கு மணல்ல மட்டும் பழக்குறேன் ஐயா. தண்ணிக்குள்ள போறதுக்கு அம்மாவக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

மகளைக் கேட்பது எளிதாக இல்லை. இரண்டு வாரம் ஆயிற்று. மணலில் கோடு கிழித்து இழுப்பைக் காட்டியதுபோல, நான் சமையலறை மேடையில் மாவைக் கொட்டிக் கோடு கிழித்துக் காட்டினேன். "கடலுக்கே போகாதவளாய் இவளை எத்தனை நாள் வைத்திருப்பாய்? ஒருநாள் தோழியருடன் போவாள். அன்று இது தெரிந்து போகட்டும்" என்றேன். முடிவில், "நீங்கள் கரையிலேயே நிற்பதானால்" என்றாள். தான் வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

பயிற்சியைப் பற்றி விரித்துக் கூற அதிகமில்லை. தொடக்கத்தில் கொடுப்பது எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மென்மையான பலகை. அதன் வாற்புறத்திலிருந்து ஒரு கயிறு கணுக்காலில் கட்டப்படும். விழுந்தாலும் பலகை விலகிப் போகாது, பிடித்து மிதக்கலாம். குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போடுவது, அலை தள்ளும் கணத்தில் இரு கைகளையும் ஊன்றி ஒரே துள்ளலில் எழுந்து நிற்பது, முழங்கால் மடக்கிப் பார்வையை முன்னே வைப்பது, விழும்போது தலையைக் கைகளால் மூடிக்கொள்வது: இவ்வளவையும் மணலில் நூறு முறை செய்யவைத்தார்கள். பிறகு இடுப்பளவு நீரில், உடைந்து வரும் நுரையலையில். பெயர்த்தி முதல்நாள் ஒருமுறையும் நிற்கவில்லை. வயிறு நிறைய உப்புநீர் குடித்தாள். மூன்றாம் நாள் நின்றாள். நான் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதற்குள் விழுந்தாள். அந்த இரண்டு எண்ணிக்கைக்கு அவள் இட்ட கூச்சல் கார்மேல் அன்னை ஆலயம்வரை கேட்டிருக்கும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். கடற்கரையில் பலகை வைத்திருப்பவர் எல்லாரும் ஆசிரியர் ஆகிவிடமாட்டார். முறையான பயிற்சிச் சான்று உண்டா, உயிர்காக்கும் பயிற்சி பெற்றவரா, ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்கத் தயங்க வேண்டாம். பருவத்தையும் அறிய வேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் அலை சிறிது; கற்பவர்க்கு ஏற்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை பெருகும், தேர்ந்தவர்கள் விரும்புவது. ஐப்பசி, கார்த்திகையில் புயற்சின்னம் தோன்றினால் கடலைத் தொடவே கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரைகடந்ததை நாம் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்கு முன்பு கடல் உள்வாங்கியபோது, தரையைக் காண ஆவலுடன் இறங்கியோர் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கடல் திடீரெனப் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓடவேண்டும்.

பத்துக்கு எத்தனை?

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாடு கண்ட ஊர். 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்த ஊர். ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு டோக்கியோவில், 2021-இல்தான் முதலில் சேர்ந்தது. நானும் பெயர்த்தியும் ஒருநாள் முழுவதும் வெயிலில் நின்று பார்த்தோம். எனக்குக் கால் கடுத்தது. ஆனால் அங்கே மதிப்பெண் இடும் முறை தமிழாசிரியனாகிய என்னை மிகவும் கவர்ந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த நிமிடங்கள் உண்டு. வீரர் தாம் ஏறும் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர் பலர் தனித்தனியே மதிப்பெண் தருவர். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்படும். எஞ்சியவற்றின் சராசரியே அந்த அலையின் மதிப்பு. துணிவு, கடினம், புதுமை, வேகம், ஒழுங்கு இவற்றைப் பார்க்கின்றனர். ஒருவர் பத்து அலை ஏறலாம், எட்டில் விழலாம். கணக்கில் சேர்வது சிறந்த இரண்டு மட்டுமே. விழுந்த எட்டுக்கு ஒரு கழிவும் இல்லை! எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தே பழகிய என் கைக்கு இது வியப்பாக இருந்தது.

அங்கே இறுதிச் சுற்றில் நம் நாட்டு ரமேஷ் புதிஹால் 20-க்கு 12.60 பெற்று மூன்றாமிடம் வந்தார். ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. கைவினைப் பொருள் விற்றுப் பிழைக்கக் கேரளக் கடற்கரைக்கு வந்த கர்நாடகக் குடும்பத்துப் பிள்ளை. நான் மேலே கூறிய, பள்ளிக்கு வராதவனுக்குப் பலகையில்லை என்ற அந்தக் கழகத்தில்தான் பழகியவர். தங்கம் தென்கொரியருக்கும் வெள்ளி இந்தோனேசியருக்கும் போயின. வெண்கலம் வென்ற வீரரைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டால், தங்கம் எவரிடம் சென்றது என்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மாமல்லபுரத்துக் கமலியின் பெயர் தெரிந்திருக்கும். சிறுமியாய், காலணியுமின்றிச் சக்கரப் பலகையில் சறுக்கிய அவளையும், ஊராரின் பேச்சைத் தாங்கிக்கொண்டு மகளை விளையாடவிட்ட அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. அச்சிறுமி பின்னர் அலைச்சறுக்கிலும் நாடறிந்த போட்டியாளர் ஆனாள். என் மகளிடம் அப்படத்தைக் காட்டினேன். பார்த்தாள். தாயின் பகுதி வந்தபோது எழுந்து போய் விளக்கைத் துடைத்தாள்.

பரிசு வராத கடிதங்கள்

நிற்க. கடிதத்துக்கு வருவோம்.

பெயர்த்தியின் இரண்டாவது கடிதம், அவள் உப்புநீர் குடித்த வாரத்தில் எழுதியது. மானிடர் அனைவருக்கும் எழுதிய முதற்கடிதம் போலன்றி, இது ஒரே ஒருவருக்கு எழுதப்பட்டது: தன் அன்னைக்கு. கடல் அவளிடம் பேசுகிறது. 'நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாய். உன் சித்தப்பாவை நான் அழைக்கவில்லை. நான் திரும்பிப் போகும் வழியில் அவர் நின்றிருந்தார்' என்று வந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்தினேன். நெகிழிப் பையும் ஆமையும் அதிலும் இருந்தன. ஆனால் காலில் சுற்றிய பையாக, கரையில் அவள் கண்ட செத்த ஆமையாக இருந்தன. நம் கரையில் தைமுதல் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளில், அவ்வாண்டு சனவரியில் மட்டும் நூற்றுக்கணக்கானவை இறந்து ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இம்முறை நான் சிவப்பு மையைத் தொடவில்லை.

பரிசு வரவில்லை. தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்று அறிந்த அன்று ஒருவேளை சாப்பிடவில்லை; அடுத்த வேளை சாப்பிட்டாள்.

அவளுக்கு ஆறுதல் கூறத் தகுதியுள்ள தோல்வி ஒன்று என்னிடமும் இருந்தது. அஞ்சல்துறை 2017 முதல் 'இரண்டரை எழுத்து' என்று பொருள்படும் இந்திப் பெயரில் மற்றொரு கடிதப் போட்டியை நடத்துகிறது. அன்பைக் குறிக்கும் 'பிரேம்' என்னும் சொல்லுக்கு இந்தி எழுத்தில் இரண்டரை எழுத்து என்பர். கபீர்தாசரின் ஈரடி ஒன்றிலிருந்து எடுத்த பெயர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர், மேற்பட்டோர் என இரு பிரிவு; ஆகவே என்னைப் போன்ற கிழவரும் எழுதலாம். உள்நாட்டுக் கடித அட்டையில் ஐந்நூறு சொல், உறையிலிட்ட தாளில் ஆயிரம் சொல். கையால்தான் எழுத வேண்டும். 2024-25-க்கான பொருள், கணினிக் காலத்தில் கடிதத்தின் சிறப்பு. நான் விடுவேனா? நான்கு முறை படியெடுத்து, 2025 சனவரி இறுதி நாளுக்கு முன்பே அனுப்பினேன். அனுப்பியபின் விதிகளை மறுபடி படித்தேன். 'எனக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது எனச் சான்றளிக்கிறேன்' என்று ஒருவரி எழுதியிருக்க வேண்டும். எழுபத்து நான்கு வயதில் அந்த ஒருவரியை எழுத மறந்தேன். வினாவை முழுதும் படியுங்கள் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் முழங்கிய வாய் இது. பெயர்த்தி சிரித்த சிரிப்பில் அவளது துயரம் பாதி கரைந்தது.

போட்டிக்கு எழுதுவதை இழிவாகக் கருதும் புலவர் சிலர் உண்டு. எனக்கு அக்கருத்து இல்லை. மணிக்கொடி இதழை நடத்திப் புகழ்பெற்ற பி. எஸ். ராமையா எழுத்துக்கு வந்தது ஆனந்த விகடன் அறிவித்த சிறுகதைப் போட்டியின் வழியாகத்தான்; ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982-இல், சாகித்திய அகாதமி அவருக்குப் பரிசளித்தது. கடலையும் கத்தோலிக்க மீனவர் வாழ்வையும் எழுதிய நூல்களுக்கும் நம் மொழியில் குறைவில்லை. மணப்பாட்டைக் களமாகக் கொண்டு வண்ணநிலவன் எழுதிய 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தது. உவரியில் பிறந்து வளர்ந்த ஜோ டி குருஸ் 2004-இல் 'ஆழி சூழ் உலகு' எழுதினார்; 'கொற்கை'க்காக 2013-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். தெற்குக் கரைக்குக் கிடைத்த இப்பேறு நம் கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். அந்தப் பயிற்சி இளைஞர் இழுப்பைப் பற்றிக் கூறியதை அவர் வாய்மொழியிலேயே எழுதினால் எத்துணைச் சிறந்த கட்டுரையாகும்! கேட்டேன். "எழுதறதெல்லாம் நமக்கு வராதுங்க ஐயா" என்று நகைத்தார். அலையில் நிற்பது தமக்கு வராது என்று என் பெயர்த்தியும் முதல்நாள் சொன்னாள் என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். உள்நாட்டுக் கடித அட்டை ஒன்றை அவரிடம் கொடுத்து வந்திருக்கிறேன். வயதுச் சான்று வரியைப் பென்சிலால் நானே அடியில் குறித்து வைத்தேன்.

பெயர்த்தி இப்போது ஏழு எண்ணும்வரை நிற்கிறாள். அந்த இரண்டாவது கடிதத்தின் படி ஒன்று அவள் அன்னையின் தையற்பெட்டியில் இருக்கிறது. படித்தாளா என்று நான் கேட்கவில்லை. சென்ற ஞாயிறு நாங்கள் கோவளத்துக்குப் புறப்பட்டபோது, பேருந்துக் கட்டணத்துடன் பெரிய துவாலை ஒன்றையும் எடுத்துவைத்து, "அலை உடையுற இடத்துலயே இறங்கச் சொல்லுங்கப்பா" என்றாள்.